மூடிய போர்ம் ஏன் போகவில்லை? – கணனி கேள்வி பதில்

இம்முறை தெரிவு செய்த கேள்விகள் எல்லாம் ஒரே முடிச்சின் வெவ்வேறு நுனிகள்: டெஸ்க்டொப் மென்பொருளில் ஈவன்ட் (ஏதோ நடந்தது என்ற அறிவிப்பு), அதைக் கேட்கும் ஒப்ஜெக்ட் (பெரும்பாலும் போர்ம், அதாவது திரையில் திறக்கும் ஒரு விண்டோ), இரண்டில் எது முதலில் சாகிறது, அதாவது மெமரியை விட்டுப் போகிறது என்ற சிக்கல். நிரல் வரிகளில் பெயர்களைத் தமிழிலேயே தந்திருக்கிறோம். சி ஷார்ப், ஜாவா, பைதன் மூன்றும் தமிழ் எழுத்தில் வைத்த பெயர்களை ஏற்கும். மொழியின் சொந்தச் சொற்களை மட்டும் வழமைபோல் ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

நெல் ஆலை ஒன்றுக்கு சி ஷார்ப் வின்போர்ம்ஸில் கொள்வனவு மென்பொருள் செய்து கொடுத்தேன். காலையில் நன்றாக ஓடுகிறது, பின்னேரமானால் இழுபடுகிறது. நெல் விலையை மாற்றினால் "விலை மாறிவிட்டது" என்ற பெட்டி ஒரு தடவை வரவேண்டியது, ஏழெட்டுத் தடவை வருகிறது. கொள்வனவுப் போர்மை அடிக்கடி திறந்து மூடுவோம், அவ்வளவுதான். ஜிசி.கலெக்ட் (யாரும் பிடிக்காத பொருள்களை மெமரியிலிருந்து அகற்றும் கட்டளை) போட்டும் பலனில்லை. – சம்மாந்துறை வாசகர்

பெட்டி எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். அன்று அந்தப் போர்மைத் திறந்த எண்ணிக்கையும் அதுவாகத்தான் இருக்கும். மூடிய போர்ம்கள் திரையை விட்டுத்தான் போயிருக்கின்றன. மெமரியில் அப்படியே இருந்துகொண்டு, விலை மாறும் செய்தியையும் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

நீங்கள் அனுப்பிய நிரலில் போர்மின் கன்ஸ்ட்ரக்டருக்குள் இந்த வரி இருக்கிறது:

விலைப்பட்டியல்.விலைமாறியது += விலையைக்காட்டு;

வாசிக்கும்போது போர்ம்தான் விலைப்பட்டியலைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோலத் தெரியும். பிடி மறுபக்கம் இருக்கிறது. += போட்டவுடன் ஒரு டெலிகேட் உருவாகிறது. அதற்குள் இரண்டு விடயங்கள்: எந்த மெதட்டைக் கூப்பிட வேண்டும், எந்த ஒப்ஜெக்ட்டின் மீது கூப்பிட வேண்டும். அந்த டெலிகேட் போய்ச் சேருவது விலைப்பட்டியலின் அழைப்புப் பட்டியலில். ஆகவே விலைப்பட்டியல்தான் போர்மைப் பிடித்திருக்கிறது. உங்கள் விலைப்பட்டியல் ஸ்டாட்டிக். புரோகிராம் நிற்கும்வரை அது சாகாது, அது பிடித்த போர்மும் சாகாது. போர்ம் சாகாவிட்டால் அதிலுள்ள கிரிட், கிரிட்டின் வரிசைகள், அவற்றுக்குப் பின்னாலுள்ள டேட்டா டேபிள் எதுவும் சாகாது. ஜிசி.கலெக்டைக் குறை சொல்லாதீர்கள். யாராவது பிடித்திருக்கும் பொருளை எடுத்தெறியாமல் இருப்பதுதான் அதன் வேலையே.

திருத்தம் ஒரு வரி. போர்ம்குளோஸ்ட் ஈவன்டில், அல்லது அதற்குரிய ஓவர்ரைட் மெதட்டில்:

விலைப்பட்டியல்.விலைமாறியது -= விலையைக்காட்டு;

போர்ம் இல்லாமல் யூசர் கொன்ட்ரோல் என்றால் அதற்குப் போர்ம்குளோஸ்ட் கிடையாது. அங்கே டிஸ்போஸ் மெதட்டுக்குள், டிஸ்போஸிங் உண்மையாக இருக்கும் கிளைக்குள் இதை வையுங்கள். ஹேண்டில்டிஸ்ட்ரோய்ட் ஈவன்டில் வைக்கும்படி சிலர் சொல்வார்கள். கொன்ட்ரோலின் சில பண்புகளை மாற்றும்போது வின்போர்ம்ஸ் தானாகவே ஹேண்டிலை (விண்டோஸ் அந்த விண்டோவுக்குக் கொடுக்கும் அடையாளம்) அழித்துப் புதிதாகச் செய்யும். அப்போது கொன்ட்ரோல் உயிரோடிருக்க, ஈவன்ட் மட்டும் அறுந்துபோகும்.

இனி எல்லா += க்கும் -= எழுத வேண்டுமா என்றால், வேண்டாம். போர்மிலுள்ள பட்டனின் கிளிக்கை அதே போர்ம் கேட்டால் பட்டனும் போர்மும் ஒன்றையொன்று பிடித்திருக்கும். வெளியிலிருந்து யாரும் பிடிக்காதவரை இரண்டும் சேர்ந்தே போய்விடும். டொட் நெட்டின் கலெக்டர் வேரிலிருந்து தேடிக்கொண்டு வருவது. வட்டமாகப் பிடித்திருப்பது அதற்குத் தடையே இல்லை. ஈவன்டை எழுப்புகிறவர், கேட்பவரைவிட நீண்ட ஆயுள் உள்ளவரா என்று மட்டும் பாருங்கள். ஸ்டாட்டிக் ஈவன்ட், பிரதான போர்ம், சிங்கிள்டன் (புரோகிராம் முழுவதற்கும் ஒன்றே ஒன்றாக இருக்கும் ஒப்ஜெக்ட்) ஆகிய மூன்றும்தான் வழக்கமான சந்தேக நபர்கள். திரை அமைப்போ நேர அமைப்போ மாறுவதைச் சொல்லும் விண்டோஸின் சிஸ்டம்ஈவன்ட்ஸ் கிளாஸும் ஸ்டாட்டிக்தான். அதில் இணைத்ததைக் கழற்றாவிட்டால் கசியும் என்று மைக்ரோசொப்ட்டின் ஆவணமே எச்சரிக்கிறது.

சரிவந்ததா என்று பார்க்க: கொள்வனவுப் போர்ம் ஒவ்வொன்றையும் உருவாக்கும்போது அதற்கொரு வீக்ரெஃபரன்ஸ் (பொருளை உயிரோடு பிடித்து வைக்காத சுட்டி) செய்து ஒரு லிஸ்ட்டில் போடுங்கள். பத்துத் தடவை திறந்து மூடுங்கள். பிறகு ஜிசி.கலெக்ட், வெயிட்ஃபோர்பென்டிங்ஃபைனலைசர்ஸ், மீண்டும் ஜிசி.கலெக்ட். லிஸ்ட்டில் இஸ்அலைவ் உண்மையாக உள்ளவை எத்தனை என்று எண்ணுங்கள். ஒன்று மிஞ்சினால் கவலை வேண்டாம், கடைசியாக இருந்ததை எங்கோ ஓரிடம் நினைவில் வைத்திருக்கும். பத்தும் மிஞ்சினால் கசிவு. ரிலீஸ் பில்டில், டிபக்கர் இல்லாமல் ஓட்டுங்கள். டிபக்கில் லோக்கல் மாறிகள் மெதட் முடியும்வரை உயிரோடு வைக்கப்படுவதால் கணக்குப் பிழைக்கும். யார் பிடித்திருக்கிறார் என்று பெயரோடு தெரியவேண்டுமானால் விஷுவல் ஸ்டூடியோவின் மெமரி கருவியில் ஸ்னாப்ஷொட் எடுத்து, அந்தப் போர்மின் வேருக்கான பாதையைத் திறந்து பாருங்கள்.

-= போட்டுத்தான் இருக்கிறேன், ஆனாலும் ஈவன்ட் வருகிறது. ஹேண்ட்லர் (ஈவன்ட் வந்தால் ஓடும் மெதட்) ஒரு லெம்டா (அந்த இடத்திலேயே பெயரில்லாமல் எழுதும் மெதட்). – கல்முனை

+= பக்கத்தில் ஒரு லெம்டா, -= பக்கத்தில் அதே எழுத்துகளில் இன்னொரு லெம்டா எழுதியிருப்பீர்கள். பார்வைக்கு ஒன்று; கம்பைலருக்கு இரண்டு வேறு மெதட்டுகள். பட்டியலில் இல்லாததைக் கழற்றச் சொன்னால் சி ஷார்ப் எந்தப் பிழையும் காட்டாது, பேசாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். லெம்டாவை ஒரு ஃபீல்டில் வைத்து அந்த ஃபீல்டையே இரு இடத்திலும் கொடுங்கள், அல்லது பெயருள்ள மெதட்டாக எழுதுங்கள். பெயருள்ள மெதட்டில் சிக்கல் வராது. டெலிகேட் இரண்டு தடவை உருவானாலும் ஒப்ஜெக்ட்டும் மெதட்டும் ஒன்றானால் அவை சமம்.

ஜாவாவின் திரை நூலகமான ஸ்விங்குக்கு மாறுகிறவர்கள் இந்த இடத்தில் வழுக்குவார்கள். அங்கே மெதட் ரெஃபரன்ஸை இரண்டு இடத்தில் எழுதினால் இரண்டு வெவ்வேறு ஒப்ஜெக்ட்டுகள். சமம் என்று வராது, ரிமூவ் பலிக்காது. ஜாவாவில் எப்போதும் ஃபீல்டில் வையுங்கள்.

மீன் வாடியில் டிஜிட்டல் தராசை சீரியல் கேபிளால் இணைத்து எடையை நேரடியாக வாசிக்கிறோம். இரண்டு பிரச்சினை. போர்மை மூடும்போது சில நாட்களில் புரோகிராம் அப்படியே உறைந்துபோய், டாஸ்க் மேனேஜரில்தான் கொல்லவேண்டியிருக்கிறது. மற்றது, 50.25 கிலோ சிலவேளை 50 என்று பதிவாகிறது. – வாழைச்சேனை

உறைவதை முதலில் பார்ப்போம். தராசிலிருந்து ஏதாவது வந்தால் எழும்பும் டேட்டாரிசீவ்ட் ஈவன்ட் திரையின் திரெட்டில் (திரெட் என்பது புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை ஓட்டம்) வருவதில்லை, இன்னொரு திரெட்டில் வருகிறது. டெக்ஸ்ட்பொக்ஸில் எழுத வேண்டுமென்பதற்காக நீங்கள் அந்த ஹேண்ட்லருக்குள் இன்வோக் போட்டிருக்கிறீர்கள். இன்வோக் என்றால், திரையின் திரெட் இதைச் செய்து முடிக்கும்வரை நான் இங்கேயே நிற்பேன் என்று பொருள்.

இப்போது தராசில் ஒரு பெட்டி மீன் இருக்கிறது, எண்கள் வந்துகொண்டிருக்கின்றன. அந்த நேரம் பார்த்து யாரோ மூடும் குறியை அழுத்துகிறார். திரையின் திரெட் போர்ம்குளோஸிங்குக்குள் போய், போர்ட்.குளோஸ் என்று கூப்பிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாரிசீவ்ட் முடியட்டும் என்று குளோஸ் காத்திருக்கிறது. டேட்டாரிசீவ்டோ இன்வோக்கில் நின்றுகொண்டு திரையின் திரெட்டைக் காத்திருக்கிறது. ஒடுங்கிய ஒழுங்கையில் எதிரெதிரே வந்த இரண்டு லொறி மாதிரி, இரண்டும் அசையாது. தராசு வெறுமையாக, எண் வராத கணத்தில் மூடினால் ஒன்றும் நடக்காது. அதனால்தான் 'சில நாட்களில்' மட்டும் வருகிறது.

இன்வோக்கை பிகின்இன்வோக் ஆக்குங்கள். அது செய்தியைக் கொடுத்துவிட்டு நிற்காமல் திரும்பிவிடும். மூடும் ஒழுங்கு இப்படி இருக்கட்டும்: முதலில் "மூடுகிறோம்" என்ற பூலியன் ஃபீல்டை உண்மையாக்குங்கள், அடுத்து டேட்டாரிசீவ்டை -= செய்யுங்கள், அதன்பின் போர்ட்.குளோஸ். -= மட்டும் போதாது. ஈவன்ட் எழும்பும் கணத்தில் எடுத்த அழைப்புப் பட்டியல் மாறாதது. நீங்கள் கழற்றுவதற்கு ஒரு நொடிக்கு முன் புறப்பட்ட அழைப்பு வந்தே தீரும். ஆகவே பிகின்இன்வோக்குக்குக் கொடுக்கும் மெதட்டின் முதல் வரியிலேயே, மூடுகிறோமா, இஸ்டிஸ்போஸ்டா என்று பார்த்து வெளியேறுங்கள். இந்தச் சோதனையை பிகின்இன்வோக்குக்கு வெளியே மட்டும் வைப்பவர்கள் உண்டு. சோதித்ததற்கும் ஓடுவதற்கும் இடையில் போர்ம் போய்விடலாம், எனவே உள்ளே இருப்பதுதான் கணக்கு. ஹேண்டில் இல்லாத போர்மில் பிகின்இன்வோக்கைக் கூப்பிட்டால் இன்வாலிட்ஒப்பரேஷன் எக்செப்ஷன் வரும். அதைப் பிடித்து விட்டுவிடுங்கள். இதே காரணத்தால் போர்ட்டைக் கன்ஸ்ட்ரக்டரில் திறக்கக்கூடாது, லோட் ஈவன்டிலோ ஷோன் ஈவன்டிலோ திறவுங்கள். மூடிய போர்ட்டை உடனே மறுபடி திறக்கவும் முயல வேண்டாம். உண்மையில் மூடப்பட்டு முடியச் சற்று நேரம் பிடிக்கும்.

அடுத்து 50.25. ஈவன்ட் ஒன்று வந்தால் ஒரு முழு வரி வந்துவிட்டது என்று நினைக்கிறீர்கள். அது 'ஏதோ வந்திருக்கிறது' என்ற அறிவிப்பு மட்டுமே. ரிசீவ்ட்பைட்ஸ்திரெஷோல்டின் ஆரம்ப மதிப்பு 1, அதாவது ஒரு பைட் வந்தாலே எழும்பலாம். ரீட்எக்ஸிஸ்டிங்கில் முதல் தடவை "50" வந்து, அடுத்த தடவை ".25" வரலாம். வந்ததையெல்லாம் ஒரு ஸ்ட்ரிங்பில்டரில் சேர்த்து, வரிமுடிவு கிடைத்தபின் மட்டும் வெட்டி எடுங்கள். மிச்சத்தை அடுத்த தடவைக்கு வைத்திருங்கள். ரீட்லைன் பாவிப்பதென்றால் தராசின் கையேட்டைப் பாருங்கள். நியூலைனின் ஆரம்ப மதிப்பு லைன்ஃபீட், தராசு கேரியேஜ் ரிட்டர்ன் மட்டும் அனுப்பினால் ரீட்லைன் முடிவில்லாமல் காத்திருக்கும். ரீட்டைம்அவுட்டுக்கும் எல்லை வைக்கப்பட்டிருப்பதில்லை. 500 மில்லிசெக்கன் என்று நீங்களே வையுங்கள்.

கைத்தறிப் புடவைகளின் படங்களைப் பெட்டி பெட்டியாகக் காட்டும் திரை. வகையை மாற்றும்போது பெனல்.கொன்ட்ரோல்ஸ்.கிளியர் செய்து புதியவற்றை அடுக்குகிறேன். மத்தியானமாகும்போது விண்டோ ஹேண்டில் உருவாக்க முடியவில்லை என்ற பிழையோடு விழுகிறது. கணனியில் ரேம் நிறைய இருக்கிறது. – மருதமுனை

ரேமுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விண்டோஸில் ஒரு புரோகிராம் வைத்திருக்கக்கூடிய யூசர் ஒப்ஜெக்ட்டுகளுக்கு எல்லை உண்டு. வழமையான அமைப்பில் அது 10,000. வின்போர்ம்ஸில் பெனல், லேபிள், பிக்சர்பொக்ஸ் ஒவ்வொன்றும் ஒரு விண்டோ. உங்கள் பெட்டி ஒன்றில் ஒரு பெனல், ஒரு படம், இரண்டு லேபிள்: நான்கு. ஒரு வகையில் 60 புடவை என்றால் 240. கிளியர் அவற்றைப் பெனலிலிருந்து கழற்றும், அழிக்காது. கண்ணுக்குத் தெரியாத ஒரு மறைவு விண்டோவின் கீழ் அவை ஒதுங்கி நிற்கும். 10,000 ஐ 240 ஆல் வகுத்தால் 41 சொச்சம். நாற்பது தடவை வகை மாற்றினால் விழுகிற நேரம் வந்துவிட்டது.

டாஸ்க் மேனேஜரின் டீட்டெய்ல்ஸ் பகுதியில் தலைப்பு வரிசையை வலது கிளிக் செய்து, யூசர் ஒப்ஜெக்ட்ஸ், ஜிடிஐ ஒப்ஜெக்ட்ஸ் ஆகிய இரு நெடுவரிசைகளையும் சேருங்கள். வகையை மாற்ற மாற்ற எண் 240, 240 ஆக ஏறுவதைக் கண்ணாலேயே காணலாம்.

கிளியருக்குப் பதிலாக: கொன்ட்ரோல்ஸ்.கவுன்ட் 0 ஆகும்வரை, கொன்ட்ரோல்ஸ்[0].டிஸ்போஸ். டிஸ்போஸ் செய்யும்போது கொன்ட்ரோல் தானாகவே பெனலிலிருந்து விலகிவிடும், அதனால்தான் எப்போதும் 0 ஆவது. இதையே 0, 1, 2 என்று முன்னோக்கி எண்ணிக்கொண்டு போனால் ஒன்று விட்டு ஒன்று தப்பிவிடும். பாதிக் கசிவு அப்படியே இருக்கும், நீங்கள் சரிசெய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பிக்சர்பொக்ஸை டிஸ்போஸ் செய்தாலும் அதிலுள்ள படம் டிஸ்போஸ் ஆகாது. வேறெங்கும் பாவிக்காத படமென்றால் தனியாகச் செய்யுங்கள். இமேஜ்.ஃப்ரொம்ஃபைலால் திறந்த படம் டிஸ்போஸ் ஆகும்வரை அந்தக் கோப்பைப் பூட்டியே வைத்திருக்கும். 'படத்தை மாற்ற முடியவில்லை, கோப்பு பாவனையில் உள்ளது' என்ற முறைப்பாடு உங்களுக்கும் வந்திருக்கும் என்று நினைக்கிறோம்.

பைக்யூட்டி 5 (பைதனில் க்யூட் திரை நூலகத்தைப் பாவிக்கும் வழி) படிக்கிறேன். இரண்டாவது விண்டோ மின்னல்போல வந்து மறைகிறது. அத்தோடு, ஃபோர் லூப்பில் 10 பட்டன் செய்தேன். எதை அழுத்தினாலும் 9 என்கிறது. நண்பர் சொன்னபடி லெம்டாவில் ஐ=ஐ என்று போட்டேன், இப்போது எல்லாமே ஃபோல்ஸ் என்கிறது! – வந்தாறுமூலை மாணவி

விண்டோவை ஒரு ஃபங்ஷனுக்குள் லோக்கல் மாறியில் வைத்து ஷோ செய்திருக்கிறீர்கள். ஃபங்ஷன் முடிந்ததும் அந்த மாறி போய்விட்டது; வேறு யாரும் பிடிக்காததால் பைதன் விண்டோவையும் எடுத்துவிட்டது. சம்மாந்துறை வாசகருக்கு வந்த நோய்க்கு நேர் எதிர். செல்ஃப்.இரண்டாம்விண்டோ என்று பிரதான விண்டோவின் பண்பாக வைத்தால் நிற்கும். பைதனின் இன்னொரு திரை நூலகமான டிகிண்டரில் லேபிளில் போட்ட படம் காணாமற்போவதும் இதேதான். படத்தை ஒரு பண்பில் பிடித்து வையுங்கள்.

பட்டன் விடயத்தில் நண்பர் சொன்னது பாதி சரி. லெம்டா, லூப்பின் எண்ணான ஐயின் மதிப்பை எடுத்து வைப்பதில்லை, அழுத்தும்போதுதான் போய்ப் பார்க்கிறது. அதற்குள் லூப் முடிந்து ஐ 9 ஆகிவிட்டது. ஐ=ஐ என்பது அந்தக் கணத்து மதிப்பைப் பிடித்து வைக்கும். ஆனால் கிளிக்ட் சிக்னல் வெறுங்கையோடு வருவதில்லை. பட்டன் அழுத்திய நிலையில் நிற்கிறதா என்ற ஒரு பூலியனைக் கொண்டுவருகிறது. லெம்டாவில் இருக்கும் ஒரே இடம் ஐ, ஆகவே அந்த ஃபோல்ஸ் அதில் போய் உட்கார்ந்துவிடுகிறது. அதற்கென்று ஓர் இடம் ஒதுக்குங்கள்:

லெம்டா நிலை, ஐ=ஐ: செல்ஃப்.காட்டு(ஐ)

பின்னாளில் மூடும்போதே அழியும்படி டெலீட்ஒன்குளோஸ் பண்பைப் போட்டால் ஒன்றைக் கவனியுங்கள். உள்ளே இருக்கும் சி பிளஸ் பிளஸ் விண்டோ அழிந்தாலும் செல்ஃப்.இரண்டாம்விண்டோ என்ற பைதன் உறை இருக்கும். அதைத் தொட்டால் ரன்டைம்எரர் வரும். மூடிய கையோடு அந்தப் பண்பை நன் (None, ஒன்றுமில்லை என்ற மதிப்பு) ஆக்கிவிடுங்கள்.

க்யூட், சி பிளஸ் பிளஸ். புடவைக்கடைக் கிளைகளின் கையிருப்பை இணையத்தில் எடுத்து டயலொக்கில் காட்டுகிறேன். பதில் வருமுன் டயலொக்கை மூடினால் சில செக்கனில் புரோகிராம் விழுகிறது. – காத்தான்குடி

உங்கள் கனெக்டில் மூன்றே உறுப்புகள்: அனுப்புபவர், சிக்னல் (க்யூட்டில் ஈவன்டுக்கான பெயர்), திஸ்ஸை, அதாவது டயலொக்கைப் பிடித்த லெம்டா. இந்த இணைப்பு யாருக்குரியது என்று க்யூட்டுக்குத் தெரியாது. அனுப்புபவரான ரிப்ளை (இணையப் பதிலைக் கொண்டுவரும் ஒப்ஜெக்ட்) இருக்கும்வரை இணைப்பும் இருக்கும். டயலொக் அழிந்த பிறகு பதில் வந்ததும் லெம்டா ஓடி, இல்லாத டயலொக்கைத் தொடுகிறது. சி பிளஸ் பிளஸில் லெம்டா பிடித்த திஸ் வெறும் முகவரி. சி ஷார்ப்போல அது ஒப்ஜெக்ட்டை உயிரோடு வைத்திருக்காது.

லெம்டாவுக்கு முன்னால் மூன்றாவது உறுப்பாகத் திஸ்ஸைக் கொடுங்கள். அதன்பின் டயலொக் அழியும்போதே இணைப்பும் அறுந்துவிடும். லெம்டாவுக்குள் வேறொரு விட்ஜெட்டின் சுட்டியும் இருந்தால் அதைக் க்யூபொயின்டரில் வைத்து, பாவிக்குமுன் வெறுமையா என்று பாருங்கள். ரிப்ளையை அழிப்பதற்கு, அதன் ஃபினிஷ்ட் ஸ்லொட்டுக்குள் நேரடியாக டெலீட் போடாதீர்கள். சிக்னல் எழுப்பும் வேலை இன்னும் அதற்குள்தான் நடந்துகொண்டிருக்கிறது. ஏறியிருக்கும் கிளையை வெட்டுவதாகிவிடும். டெலீட்லேட்டர் போட்டால், கட்டுப்பாடு ஈவன்ட் லூப்புக்குத் திரும்பியபின் அழியும். இன்னொன்று: டயலொக்கை மூடியபின்னும் ரிப்ளை வரத்தான் செய்யும். டெலீட்லேட்டர் அந்த லெம்டாவுக்குள் மட்டும் இருந்தால், இணைப்பு அறுந்த பிறகு அதை அழிக்க ஆளில்லை. ரிப்ளையின் ஃபினிஷ்டை ரிப்ளையின் டெலீட்லேட்டருக்கே தனியாக இணைத்துவிடுங்கள்.

ஷோடயலொக்கில் திறக்கும் லொகின் போர்மில் ஒரு டைமர். போர்மை மூடியபிறகும் டிக் ஓடுகிறது. டைமரை டூல்பொக்ஸிலிருந்துதான் இழுத்து வைத்தேன், தானாக அழியும் என்றார்களே? – ஒலுவில்

போர்ம் டிஸ்போஸ் ஆனால் அழியும். ஷோவில் திறந்த போர்மைக் குளோஸ் செய்தால் டிஸ்போஸ் நடக்கும். ஷோடயலொக்கில் திறந்ததைக் குளோஸ் செய்தால் மறைவது மட்டும்தான். மூடியபின்னும் டெக்ஸ்ட்பொக்ஸில் தட்டியதை நீங்கள் வாசிக்கவேண்டும் என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். ஓடுகிற வின்போர்ம்ஸ் டைமர் தன்னைத்தானே பிடித்து வைத்துக்கொள்ளும், டிக் ஈவன்டின் வழியாகப் போர்மையும் பிடித்திருக்கும். போர்மை யூசிங் அடைப்புக்குள் (முடியும்போது தானாக டிஸ்போஸ் செய்யும் பகுதி) உருவாக்கி, பெயரையும் கடவுச்சொல்லையும் அந்த அடைப்பு முடியுமுன் வாசித்துவிடுங்கள். நிரலில் நியூ போட்டு உருவாக்கும் டைமர் என்றால் யூசிங்கும் காப்பாற்றாது. அதை கொம்போனன்ட்ஸ் பட்டியலில் சேருங்கள், அல்லது போர்ம்குளோஸ்டில் ஸ்டொப் செய்து டிஸ்போஸ் செய்யுங்கள்.